தாப்பாக்காரிக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

விழுப்புரம் சந்திப்பில் நான் இறங்கியபோது என் பையில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. தட்டச்சு செய்து, வரிசை எண் போட்டு, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். பன்னிரண்டும் ஒரே ஒரு சிலந்திக்கு.

அந்தச் சிலந்திக்கு அதுவரை இருந்த பெயர் 'எஸ்.பி. மூன்று'. அதைப் பெயர் என்று சொல்ல முடியாது. யாரும் இன்னும் முறைப்படி விவரிக்காத இனம், எங்கள் அலமாரியில் மூன்றாவது குப்பி, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நான் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் சிலந்திகளை வகைப்படுத்துகிறவள். ஒரு புது இனத்தை அளந்து, வரைந்து, அறிவியல் பெயர் வைத்து, கட்டுரை வெளிவருவதற்குள் எங்களுக்கு எப்படியும் இரண்டு வருடம் ஓடிவிடும். எஸ்.பி. மூன்று குடியிருக்கும் ஏரிக்கரைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மழைக்கு முன் கரையைச் சீரமைக்க வெள்ளிக்கிழமை பொக்லைன் வருவதாக இருந்தது. அன்று திங்கட்கிழமை.

"அறிவியல் பெயர் அப்புறம் வரட்டும். ஒரு ஊர்ப் பெயரையாவது வைத்து ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வா. பெயர் இருந்தால்தான் காப்பாற்றும்படி கேட்க முடியும்" என்று சொல்லி என் ஆய்வு வழிகாட்டி என்னை ரயிலேற்றிவிட்டார்.

எந்த ஊர் என்பதைச் சொல்ல மாட்டேன். திண்டிவனத்தை அடுத்து, ஓமந்தூர்ப் பக்கம். அரிய சிலந்திகளைத் தோண்டி எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பயணக் கட்டுரை படிக்கக்கூடும்.

விழுப்புரத்தில் முதல் வேலை, பதிவேட்டு விவரம் தெரிந்த ஓர் அதிகாரியைப் பார்ப்பது. அவர் என் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். ஏழாவது பெயரில் நின்றார். 'மூடிவாழ் மண்சிலந்தி.'

"இது ஊர்ல கூப்புடுற பேரா மேடம், நீங்க வச்சதா?"

"நான் வச்சதுங்க."

"அப்ப இது கோயம்புத்தூர் பேரு. அந்தக் கட்டத்துல ஊர்க்காரங்க சொல்ற பேருதான் வரணும். அஞ்சு பேராவது கையெழுத்துப் போடணும். காலியா வுட்டாலும் ஏத்த மாட்டாங்க."

நியாயமான பேச்சு. எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு பெயருக்கு மூன்று வாரம் உழைத்திருந்தேன்.

பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மெஸ்ஸில் கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரில் பரிமாறுகிறவர் "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்பார், நாம் வேண்டாம் என்போம், அவர் வருத்தப்படுவார். இங்கே அந்தச் சடங்கெல்லாம் இல்லை. இலையில் இடம் தெரிந்தால் சோறு விழுகிறது. கையை வைத்து மறைத்தேன். கைமேல் விழுந்தது.

திண்டிவனத்துக்குப் போகும் பேருந்து என்று கேட்டுத்தான் ஏறினேன். அது சென்னைப் பேருந்து. திண்டிவனத்தைத் தாண்டிப் போகும், உள்ளே போகாது. "பைபாஸ்ல எறங்கிக்கோம்மா. ஜல்தி, ஜல்தி" என்று நடத்துனர் என்னையும் பையையும் மேம்பாலத்தின் காலடியில் விட்டுவிட்டார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எனக்கும் அடுத்தவருக்கும் நடுவே சுருட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று என் தோளில் சாய்ந்தபடி வந்தது. சுருளின் ஓரத்தில் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. மீசைக்கு உரியவர்தான் அடுத்தவர். மருமகள் வளைகாப்பாம்.

திண்டிவனத்துக்குள் ஒரு திருப்பத்தில் இன்னொரு பேனர் பாதிச் சாலைக்குச் சாய்ந்து கிடந்தது. ஓட்டுநர் அதைத் தொடாமல் வண்டியை ஓரத்துச் சேற்றில் இறக்கினார். சக்கரம் புதைந்தது. நானும் மீசைக்காரரும் இறங்கித் தள்ளினோம்.

"லேசா ஒதுக்கிட்டுப் போயிருக்கலாமேங்க?" என்றேன்.

"சும்மா இரு மேடம். அதுல பதினாறு பேரு மூஞ்சி கீது. ஒரு மூஞ்சி கிழிஞ்சாலும் பேஜாரு. பதினாறு வூட்டுக்கும் நான்தான் பதில் சொல்லிக்கினு நிக்கணும்."

மீசைக்காரர் தலையாட்டி ஆமோதித்தார். என் செருப்பில் சேறு. ஓட்டுநர் சொன்னதை நான் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும்.

செவ்வாய் காலை டவுன் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்காரர்கள் முள்ளு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பெண்கள், பதினோரு பேர். அவர்களில் வருகை எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பவர் செல்வி. முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் இரண்டு செல்போன், தலையில் துண்டு. அந்தப் பொறுப்புக்கு 'மேட்' என்று பெயர். என்னைக் கண்டதும் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துப் மற்றப் பத்துப் பேரையும் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டார்.

"நான் பூச்சி பார்க்க வந்தவங்க, அக்கா."

"பூச்சியா?" செல்வி செல்போனை இறக்கினார். "யம்மா, எல்லாம் கலைஞ்சி போங்க. இது வேற கேஸு."

சிலந்தி என்றதும் வலையை நினைக்கக் கூடாது. இது மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, உள்ளே பட்டு நூலால் பூசி, மண்ணும் நூலும் சேர்த்து வாசலுக்கு ஒரு கதவு செய்துகொள்ளும். ஒரு ரூபாய்க் காசு அளவுக் கதவு. ஒரு பக்கம் கீல் உண்டு. மூடியிருந்தால், நின்று பார்த்தாலும் கரை, குனிந்து பார்த்தாலும் கரை. ஏரிக்கரை ஒரு பாறை மேட்டோடு போய்ச் சேரும் இடத்தில், நாற்பதடி நீளத்துக்குள், இவை கூட்டமாக இருந்தன. அன்று முழுதும் மண்டியிட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று கதவுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய ஐஸ் குச்சி நட்டேன். இருபது வருடமாக இந்தக் கரையில் நடந்த பதினோரு பேரில் ஒருவரும் ஒரு கதவைக்கூடப் பார்த்ததில்லை.

"எட்டுக்கால் பூச்சின்னா எட்டுக்கால் பூச்சிதான்" என்றார் அஞ்சலை. ஐம்பதை நெருங்குபவர். கரையில் யார் எது பேசினாலும் கடைசி வார்த்தை அவருடையது. "அதுக்கு இன்னா பேரு வேற? ரேஷன் கார்டு குடுக்கப் போறியா?"

ஒரு புல் தண்டை அவர் கையில் கொடுத்து, ஒன்பதாம் எண் கதவை மெதுவாக நெம்பச் சொன்னேன். கதவு மயிரிழை திறந்தது. உடனே உள்ளிருந்து ஓர் இழுப்பு. படக்கென்று மூடிக்கொண்டது. அஞ்சலை புல்லை விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ செல்வி! உள்ள புடிச்சிக்கினு கீதுடி!"

அதன்பின் வேலை நடக்கவில்லை. ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கதவை நெம்பிப் பார்க்க வரிசை கட்டினார்கள். ஒரு கதவுக்கு ஒருமுறைதான் என்று விதி போட்டேன். அஞ்சலை மூன்று கதவு நெம்பினார்.

புதன்கிழமை இடைவேளையில் கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், அவித்த மல்லாட்டை. நிலக்கடலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் தட்டு, தம்ளர், மேசை என்று வரிசையாகச் சாப்பிடுகிறவள் நான். இங்கே தூக்குவாளி மூடியில் கூழைக் குடித்து முடித்து, கூழ் மீசையைத் துடைத்துக்கொண்டு, என் தாளை எடுத்தேன். இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்தான் வேண்டும். ஆனால் என் பன்னிரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்துச் சொன்னால் அதுவும் ஊர்ப் பெயர்தானே? இப்படி ஒரு குறுக்கு வழி யோசித்து வைத்திருந்தேன்.

"ஒண்ணு. ஏரிக்கரைத் தாழ்கதவுச் சிலந்திங்க."

யாரோ ஒரு மல்லாட்டையை உடைத்தார்கள்.

"ரெண்டு. மண்மனைச் சிலந்தி. மூணு..."

"மேடம், இத்த கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள அது செத்துப் பூடும்" என்றார் செல்வி.

"அது இன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'? பூச்சிக்கும் போடுவாங்களா உங்க ஊர்ல?" என்றது ஒரு குரல்.

"போடுவாங்கடி. கோயமுத்தூர்ல நாயிக்கே போடுவாங்க."

எட்டாவது பெயர்வரை வாசித்தேன். அதற்கு மேல் என் மன உறுதிக்கும் எல்லை உண்டு. தாளை மடித்து வைத்துவிட்டு, பேச்சுக்காக, இதன் குடும்ப விவரத்தைச் சொன்னேன். ஆண் வளர்ந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பெண் தேடி அலையும், திரும்பாது. பெண் ஒரே குழியில் வருடக்கணக்காக இருக்கும். கதவைச் செப்பனிடுவது, குஞ்சுகளைக் காப்பது, யார் நெம்பினாலும் உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பது எல்லாம் அவள்தான்.

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வூட்டுக்காரு சரக்கு ஏத்திக்கினு வர்ற அன்னிக்கு நானும் இப்டித்தான்" என்றார் அஞ்சலை, மல்லாட்டையை உரித்தபடி. "தாப்பாள இழுத்துப் புடிச்சிக்கினு நிப்பேன். அந்தாளு இந்தப் பக்கம் தள்ளுவாரு, நான் அந்தப் பக்கம். விடிஞ்சாத்தான் வுடுவேன். இவ எட்டுக்கால் பூச்சி இல்லடி. தாப்பாக்காரி."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபிறகு கவனித்தேன்: யாரும் ஓட்டெடுக்கவில்லை, யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. ஆனால் மறுபடி மண்வெட்டி தூக்கியபோது, "ஏ, பாத்து நட, அங்க தாப்பாக்காரி வூடு" என்று ஒருவர் இன்னொருவரை அதட்டிக்கொண்டிருந்தார். நல்ல பெயருக்கு நான் ஐந்து விதிகள் எழுதி வைத்திருந்தேன். சுலபமாக வாயில் வர வேண்டும். வேறு உயிருக்கு இருக்கக் கூடாது. பயமுறுத்தக் கூடாது. அந்த உயிரைப் பற்றி உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். பலகையில் அடங்க வேண்டும். ஐந்துக்கும் டிக் அடித்தேன். என் பன்னிரண்டில் எதுவும் மூன்றைத் தாண்டியதில்லை என்பதையும் அப்போதுதான் சரிபார்த்தேன்.

ஊராட்சி அலுவலகத்தில் ஐந்து கையெழுத்து கேட்டார்கள். பதினொன்று விழுந்தது. 'ஊர்ப் பெயர்: தாப்பாக்காரி. அறிவியல் பெயர்: இனிமேல்தான்.'

வியாழன் காலை, கரை வேலையைப் பார்க்கும் பொறியாளரிடம் நகலைக் கொடுத்தேன். நல்ல மனிதர், மழைக்கு முன் முடிக்க வேண்டிய கவலையில் தூக்கம் கெட்டவர். "பாறையோட சேர்ற எடம், அங்க கரை உடையாது. அந்த நாப்பதடிய வுட்டா எனக்கு நஷ்டம் இல்ல" என்றார். "ஆனா மேலேர்ந்து தாளு வரணும். திங்கக்கெழம ஆவும். வண்டி நாளைக்கே வந்துரும். ஆபரேட்டர் பதிவேட்ட பாக்க மாட்டாரு, கரையத்தான் பாப்பாரு. எதனா போர்டு வையுங்க. நாலு நாளைக்குத் தாங்கணும்."

நான்கு நாள். நாற்பத்து மூன்று கதவு. செல்வியிடம் போய், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'இங்கு தோண்டாதீர்' என்று எழுதி வைக்கலாம் என்றேன்.

செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூஞ்சி இல்லாத போர்ட எவன் மதிப்பான் மேடம்? நீ திண்டிவனம் போ. ஃபோட்டோ நான் அனுப்பறேன்."

ஃப்ளெக்ஸ் கடைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் என் செல்போனில் பதினோரு படங்கள் வந்திருந்தன. கடையில் கணினி முன் இருந்தவர் தினேஷ். அன்று பராமரிப்புக்காக இரண்டு மணிக்கு மின்சாரம் நிறுத்தப்போகிறார்கள். மணி ஒன்றே கால்.

"பொண்ணு பேரு சொல்லுங்க."

"தாப்பாக்காரி."

அவர் விரல் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. இந்தத் தொழிலில் எல்லாப் பெயரையும் பார்த்திருப்பார்.

"பொண்ணு ஃபோட்டோ?"

கொடுத்தேன். எட்டுக் கண், எட்டுக் கால், முன்னால் இரண்டு பல். தினேஷ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், பொண்ணு ஃபோட்டோ."

"இதாங்க பொண்ணு."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்திருந்த வடிவத்தைத் திறந்து சிலந்தியை நடுவில் உட்கார வைத்தார். இரு பக்கமும் மயில், சுற்றிலும் ரோஜா, கீழே இரண்டு வரிசையில் பதினோரு முகம். நான் மூன்று திருத்தம் சொன்னேன்: விழாத் தலைப்பை எடுக்க வேண்டும், மயில்களை எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் 'அனைவரும் வருக' என்ற வரியைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இது யாரும் வரக் கூடாது என்பதற்காக வைக்கிற பேனர். "ஆவட்டும் மேடம், ஆவட்டும்" என்றார். அச்சு முடியவும் மின்விசிறி நிற்கவும் சரியாக இருந்தது. சுருட்டிக் கொடுத்துவிட்டார். ஊருக்குப் போய் விரித்துப் பார்த்தோம். தலைப்பு இல்லை. ஒரு மயில் இல்லை. 'அனைவரும் வருக' இருந்தது.

"நல்லாத்தான் கீது" என்றார் அஞ்சலை, தன் முகத்தைப் பார்த்தபடி.

நான் இன்னொரு பதிவேட்டு நகல் வாங்க ஊராட்சி அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் பேனரை நட்டுவிட்டிருந்தார்கள். நல்ல உறுதியாக, கடப்பாரையால் ஆழக் குழி தோண்டி, இரண்டு சவுக்குக் கழி. ஒரு கழி நின்ற இடத்தில் என் ஐஸ் குச்சி ஒன்று முறிந்து கிடந்தது. பதினேழாம் எண்.

குச்சியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் புரிந்தது அஞ்சலைக்குத்தான்.

"எங்க மூஞ்சிய நிக்க வைக்க அவ வூட்ட இடிச்சிட்டமேடி" என்றார். அவர் குரலில் கேலி இல்லாததை அந்த ஒருமுறைதான் கேட்டேன்.

தோண்டிப் போட்ட மண்ணைப் பதினோரு பேரும் நானும் விரலால் துழாவினோம். தாப்பாக்காரி உயிரோடு இருந்தாள். கால்களைச் சுருக்கிக்கொண்டு, பாதி வாசல் நூலோடு, ஒரு மண்கட்டிக்குள். இரண்டு கஜம் தள்ளி ஈர மண்ணில் என் பேனாவை நட்டுத் திருகிக் குழி செய்தேன். அவளை விளிம்பில் விட்டதும் பின்பக்கமாக உள்ளே இறங்கிவிட்டாள். "இப்படி விட்டா சிலது மறுபடி கதவு போடும். சிலது போடாது. கதவில்லாம இருந்தா எறும்பு விடாதுங்க" என்றேன். செல்வி வருகைப் பட்டியலின் கடைசித் தாளில் 'பதினேழு' என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு பொக்லைன் வந்தது. அதற்கு முன்பே ஆள் வந்திருந்தார்கள். அனந்தபுரத்திலிருந்து ஒரு தம்பதி, வெற்றிலை பாக்குத் தட்டோடு. பேனரைப் பார்த்துவிட்டு, யாரோ உறவுக்காரர் அழைப்பு சொல்ல மறந்துவிட்டதாக நினைத்து, கொஞ்சம் கோபத்தோடு வந்திருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் நான்கு பேர். "பொண்ணு எங்க?" என்று கேட்டவர்களையெல்லாம் அஞ்சலை கையைப் பிடித்து ஒன்பதாம் எண் கதவுக்கு அழைத்துப் போய்ப் புல் தண்டைக் கொடுத்தார்.

பொக்லைன் ஓட்டுநர் முகையூர்க்காரர். இறங்கி வந்து பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார். முகங்களை எண்ணினார். முகங்களுக்கு உரியவர்கள் மண்வெட்டியோடு எதிரே நிற்பதையும் பார்த்தார்.

"சார், நான் இத்த தொட மாட்டேன்" என்றார் பொறியாளரிடம். "பதினோரு பொம்பளைங்க சார். நான் தெனமும் இவங்க தெரு வழியாத்தான் வண்டிய எடுத்துக்கினு போவணும்."

பொறியாளர் சிலந்தியையும் மீந்த ஒற்றை மயிலையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் நாட்குறிப்பைத் திறந்து, பாறையிலிருந்து வேப்பங்கன்று வரை திங்கள்கிழமை வரும் வரையில் வேலை கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனரை ஒரு படமும் எடுத்துக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்பவா, மனைவிக்கு அனுப்பவா என்று நான் கேட்கவில்லை.

பொக்லைன் நாற்பதடியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கரை அதிர்ந்தது.

"டேய் தம்பி, மெல்லடா!" என்று கத்தினார் அஞ்சலை. "உள்ள ஆளுங்க கீறாங்க!"

சனிக்கிழமை காலை கிளம்பும்போது பேனாக் குழியைப் போய்ப் பார்த்தேன். வாய் திறந்தே இருந்தது. விளிம்பில் கொஞ்சம் நூல், கதவு இல்லை. களக்குறிப்பில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன். விழுப்புரத்தில் ரயில் தாமதம். செல்வி கட்டிக் கொடுத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே நடைமேடையில் ஒரு மணி நேரம். பன்னிரண்டு பெயர்களும் இருந்த தாளைத் தோல் போடக் கீழே விரித்தேன். அதற்குச் சரியான அளவாக இருந்தது.

திங்கள் மதியம் ஆய்வகத்தில் இருந்தபோது செல்வியிடமிருந்து அழைப்பு.

"அக்கா, தாள் வந்துதுங்களா?"

"தாளு காத்தாலயே வந்துச்சு. அத்த வுடு." பின்னால் பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. அஞ்சலை செல்போனைப் பிடுங்கிக்கொண்டது தெரிந்தது.

"பாப்பா, சாத்திட்டாடி! தள்ளிப் பாத்தேன். வுட மாட்டேங்கறா!"

நாற்பத்திரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.